எம்ஜிபி கார்ல டோ பார் மாட்டறது: துரு பாக்கறதுலேர்ந்து முதல் ஓட்டம் வரைக்கும்

நான் இருக்கறது இங்கிலாந்துல, என்கிட்ட இருக்கறது குரோம் பம்பர் எம்ஜிபி ரோட்ஸ்டர். எம்ஜிபிங்கறது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ரோட்ஸ்டர்னா மேல திறக்கற மாடல். என் கார்ல ஒரு தடவை, தெரிஞ்சவங்க கார்ல மூணு தடவை டோ பார் (ட்ரெய்லர் இழுக்க கார் பின்னாடி போடற இரும்புச் சட்டம்) மாட்டியாச்சு, அந்த மூணுல ரெண்டு வேற ஒருத்தர் மாட்டி சொதப்பினதை கழட்டி சரி பண்ணது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் பண்ணலாம், ஆனா எதை முதல்ல எதை அப்புறம்னு தெரியாம இறங்கினா டிக்கில தேவையில்லாத ஓட்டையும் எரிஞ்சு போன வயரும்தான் மிஞ்சும். இரும்பு வேலைக்கு ஒரு நாள், வயரிங்குக்கு ஒரு நாள்னு வச்சுக்கோங்க. ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு நினைக்கறவங்கதான் சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டுல கார் அடியில படுத்துக்கிட்டு கண்ட இடத்துல துளை போடறாங்க.

1. எவ்வளவு இழுக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எம்ஜிபிக்கு தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். டோ பாரை எங்க பிடிக்கறீங்களோ அங்க இருக்கற தகடு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மொத்த பலமும். அதனால எடையை முடிவு பண்ணாம டோ பார் கிட் வாங்காதீங்க.

பிரேக் இல்லாத ட்ரெய்லர்னா பிரிட்டன் சட்டப்படி 750 கிலோ, இல்ல காரோட எடையில பாதி, இதுல எது கம்மியோ அதுதான் உச்ச வரம்பு. எம்ஜிபி ஒரு டன்னுக்கும் கொஞ்சம் கம்மி, அப்போ கணக்குப்படி 470 கிலோ பக்கம் வரும். சட்டம் விடுதுன்னு அவ்வளவு ஏத்த வேண்டாம். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம் வச்ச அம்பது வருஷ பிரேக் அது, லீஃப் ஸ்பிரிங்கும் அதே வயசு. நான் ட்ரெய்லரும் சாமானும் சேர்த்து 250 கிலோவைத் தாண்டறதில்ல. டென்ட், ஸ்டவ், மடக்கு நாற்காலி, ரெண்டு பேரோட துணிமணி எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும். கேரவன் இழுக்கணும்னா தயவுசெஞ்சு வேற கார் பாருங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. டோ பால் (ட்ரெய்லர் வந்து மாட்டற உருண்டை) பின் ஆக்சிலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பின்னாடி வரும், காரோட வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கற தூரம்) 2.31 மீட்டர். பால் மேல 25 கிலோ உக்காந்தா பின் சக்கரத்துக்கு 25 இல்ல, 36 கிலோ கிட்ட ஏறுது, முன் சக்கரத்துலேர்ந்து 11 கிலோ குறையுது. இதோட டிக்கியையும் ரொப்பினீங்கன்னா காரு வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடும், ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணைக் குத்தும்.

சட்டத்துல இன்னும் ரெண்டு விஷயம். 1998 ஆகஸ்ட் 1க்கு அப்புறம் ரோட்டுக்கு வந்த கார்னா டைப் அப்ரூவல் (சோதிச்சு ஒத்துக்கிட்டதுக்கான) முத்திரை உள்ள டோ பார்தான் மாட்டணும், எம்ஜிபி 1980லயே நின்னு போச்சு, அதனால நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல. கட்டாயம் இல்லேங்கறதுக்காக கிடைச்ச ஆங்கிள் இரும்பை வெட்டி வெல்ட் பண்ணி மாட்டிடாதீங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. டோ பாரும் ஒரு மாடிஃபிகேஷன்தான், சொல்லாம விட்டா க்ளெய்ம் பண்ற நாள்ல அதைத்தான் தோண்டி எடுப்பாங்க.

2. கைல இருக்க வேண்டியது

கிட் வாங்கும்போது குரோம் பம்பரா ரப்பர் பம்பரா, ரோட்ஸ்டரா ஜிடியான்னு (கூரை மூடின மாடல்) சொல்லி வாங்குங்க. பம்பர் பிராக்கெட் பிடிக்கற விதம் குரோம் கார்ல வேற, ரப்பர் கார்ல வேற. ரப்பர் கார் உயரமும் ஒரு இன்ச்சுக்கு மேல கூட. பழைய கிட் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா நல்லதுதான், ஆனா வெல்டிங் எல்லாத்தையும் கம்பி பிரஷ் போட்டு தேச்சுப் பாத்துட்டு வாங்குங்க. பெயிண்ட் தடிமனா அடிச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும்.

கருவின்னு பாத்தா ட்ராலி ஜாக், ரெண்டு ஆக்சில் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு வச்சு இறுக்கற ஸ்பேனர்), சென்டர் பன்ச், 3 மிமீலேர்ந்து 12 மிமீ வரைக்கும் ட்ரில் பிட், வட்ட அரம், மல்டிமீட்டர். செங்கல் மேல கார் நிக்க வைக்கறவங்களை இன்னும் பாக்கறேன், செங்கல் எச்சரிக்கை குடுக்காம நொறுங்கும், அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்.

போல்ட் எல்லாம் தலையில 8.8னு அடிச்சதா இருக்கணும், அது போல்ட்டோட பலத்தைச் சொல்ற எண்ணு. துரு பிடிக்காதேன்னு பளபளன்னு ஸ்டெயின்லெஸ் வாங்கறாங்க, கடையில சாதாரணமா கிடைக்கற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 8.8ஐ விட பலம் கம்மி. நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் வச்சது) ஒரு தடவைதான், கழட்டினதைத் திரும்பப் போடாதீங்க. கார்ல ஏற்கெனவே இருக்கற போல்ட் எல்லாம் யுஎன்எஃப் மரை (இன்ச் அளவு), கிட்ல வர்றது பெரும்பாலும் மெட்ரிக் (மில்லிமீட்டர் அளவு). எட்டு மில்லி போல்ட் 5/16 யுஎன்எஃப் நட்டுல ஒரு சுத்து போற மாதிரி போயிட்டு அப்புறம் இறுகும், சரியா போகுதுன்னு ஸ்பேனர் போட்டு அழுத்துவீங்க, மரை போயிடும். விரலால ஏறாத போல்ட்டை ஸ்பேனரால ஏத்தாதீங்க.

3. துரு பாக்கறது

இதை தாண்டிட்டு எதுவும் செய்யாதீங்க. காரைத் தூக்கி நிறுத்தி பின் சக்கரத்தைக் கழட்டிட்டு, லீஃப் ஸ்பிரிங்கோட பின் முனை தொங்கற இடம், அங்கேர்ந்து பின்னாடி போற ரெண்டு சேஸிஸ் கால் (பாடியோடவே சேந்த பெட்டி மாதிரி இரும்பு), அது முடியற பின் தகடு, டிக்கி தரையோட ஓரம், இத்தனையையும் பாருங்க. பாக்கறதுன்னா கண்ணால இல்ல. பழைய ஸ்க்ரூடிரைவர் நுனியால குத்திப் பாக்கணும், சின்ன சுத்தியால தட்டிக் கேக்கணும். நல்ல இரும்பு டங்குன்னு சொல்லும், உள்ள போனது டொக்குன்னு சொல்லும். காந்தம் ஒண்ணு வச்சுக்கோங்க, ஒட்டலேன்னா அங்க இரும்பு இல்ல, ஓட்டையை அடைச்ச ஃபில்லர் பூச்சு.

அண்டர்சீல் (துரு பிடிக்காம கார் அடியில அடிக்கற பூச்சு) கருப்பா கெட்டியா இருந்தா சுரண்டிடுங்க. ஒருத்தர் கார்ல அண்டர்சீல் அழகா முழுசா இருந்துச்சு, ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு லேசா அழுத்தினேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அந்தக் கார்ல டோ பார் வேலை அன்னிக்கே நின்னு போச்சு, வெல்டிங் முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சுதான் திரும்ப ஆரம்பிச்சோம்.

இந்த இடம் ஏன் முக்கியம்னா, ட்ரெய்லர் இழுக்கறப்போ பாரம் பின்னாடி மட்டும் வராது. பிரேக் போட்டா முன்னாடி தள்ளும், மேடு பள்ளத்துல மேலயும் கீழயும் அடிக்கும், இது எல்லாமே அந்த ரெண்டு கால்லதான் போய் சேரும்.

4. உயரம் அளக்கறது

கார் தரையில நிக்கறப்போ, டயர்ல சரியான காத்து, டேங்க்ல பாதி பெட்ரோல், டிக்கில வழக்கமா வைக்கற சாமான், சீட்ல ரெண்டு பேர் உக்காந்திருக்கறப்போ அளக்கணும். ஐரோப்பிய அளவுப்படி 50 மிமீ பாலோட நடு மையம் தரையிலேர்ந்து 350க்கும் 420க்கும் நடுவுல வரணும், அதுவும் பாரம் ஏத்தின நிலையில. காலி கார்ல அளந்துட்டு சரியா இருக்குன்னு மாட்டிடறாங்க, அப்புறம் ஆள் ஏறினதும் அளவு கீழ இறங்கிடுது.

அளக்கறப்போவே சக்கர மையத்துலேர்ந்து மேல இருக்கற குரோம் பட்டி வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. ஒரு பக்கம் கம்மியா இருந்தா ஸ்பிரிங் உக்காந்து போச்சுன்னு அர்த்தம், டோ பார் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கைப் பாருங்க. பின்னாடி ட்ரெய்லர் மாட்டினதும் எவ்வளவு இறங்குதுன்னு தெரியறதுக்கும் இந்த எண்ணு வேணும்.

5. டிக்கி, பேட்டரி, டேங்க்

ஸ்டெப்னியை எடுத்துட்டு டிக்கி கார்ப்பெட்டை உருவிடுங்க. பேட்டரி சீட்டுக்குப் பின்னாடி தரையில இருக்கு, 1974க்கு முந்தின காரா இருந்தா ரெண்டு 6 வோல்ட், அதுக்கு அப்புறம் ஒரே 12 வோல்ட். முதல்ல எர்த் கேபிளைத்தான் கழட்டணும், ஏன்னா அதைக் கழட்டறப்போ ஸ்பேனர் பாடில பட்டாலும் ஒண்ணும் ஆகாது. 1967 வரைக்கும் வந்த எம்ஜிபில பாசிட்டிவ்தான் எர்த், அதனால நெகட்டிவ்வைக் கழட்டணும்னு மனப்பாடமா இருக்கறவங்க கேபிள் எங்க போய் சேருதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டு கை வைங்க.

இப்போ முக்கியமான விஷயம். எம்ஜிபில பெட்ரோல் டேங்க் டிக்கி தரைக்கு நேர் கீழ, வலது பக்கம், தரையோட ஒட்டின மாதிரி தொங்குது. டிக்கிக்குள்ள நின்னு பாத்தா வெறும் தகடு மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் மேலேர்ந்து ட்ரில் போட்டாரு, பிட்டை வெளிய எடுத்தப்போ நுனில ஈரமா மினுமினுன்னு இருந்துச்சாம், ஆயில் போலன்னு நினைச்சு விரலால தொட்டு மோந்து பாத்திருக்காரு. அதுக்கப்புறம் ட்ரில்லைக் கீழ கூட வைக்காம கராஜை விட்டு வெளிய ஓடிட்டாரு. தீப்பொறி வரலைங்கறது அவரோட அதிர்ஷ்டம்.

வலது பக்கம் ஒரு துளையாவது போட வேண்டியிருந்தா டேங்கை இறக்கிடுங்க, அரை நாள் ஆகும், பரவாயில்ல. பெட்ரோலை மூடி போட்ட கேன்ல எடுத்துட்டு, டேங்கை கராஜுக்கு வெளிய கொண்டு போய் வைங்க. காலி டேங்க்னா பயம் இல்லேன்னு நினைக்காதீங்க, உள்ள தங்கற ஆவிதான் வெடிக்கும், ரொம்பின டேங்கை விட காலி டேங்க்தான் மோசம். இறக்கினதும் டேங்கோட மேல் பக்கத்தைத் தடவிப் பாருங்க, அங்கதான் சேறு தங்கி மேலேர்ந்து துரு பிடிக்கும், டேங்க் கீழ இருக்கற இந்த நேரத்தை விட்டா அதைப் பாக்கற வாய்ப்பு கிடைக்காது. பெட்ரோல் அளவைக் காட்டற சென்டர் யூனிட்டுக்குப் போற பச்சையில கருப்பு கோடு போட்ட வயரைக் கழட்டறப்போ ஒரு டேப் சுத்தி பேர் எழுதிடுங்க.

6. துளை போடாம ஒரு தடவை மாட்டிப் பாருங்க

புதுசா பண்றவங்க தாண்டிப் போற இடம் இது. கிட்டைப் பிரிச்சதும் பென்சில்ல மார்க் பண்ணி ட்ரில்லை எடுத்துடறாங்க. நான் பண்றது இப்படி: கிராஸ் பாரை (கிட்ல குறுக்கா வர்ற இரும்பை) ஜாக் மேல மரக்கட்டை வச்சு தூக்கி இடத்துல நிறுத்தி, ஏற்கெனவே இருக்கற பம்பர் பிராக்கெட் துளையில ரெண்டு பக்கமும் போல்ட்டை விரலால மட்டும் போட்டு விடறது. அப்புறம் பம்பரை மாட்டிப் பாக்கணும், சைலன்ஸரையும் அது இருக்க வேண்டிய இடத்துல வச்சுப் பாக்கணும். எக்ஸாஸ்ட் இடது பக்கம் போகுது, ரப்பர் மேல தொங்கிட்டு ஆடும், அதனால சுத்தி 25 மிமீயாவது இடம் விடணும், இல்லேன்னா ஓட்டறப்போ டங்கு டங்குன்னு இடிச்சிட்டே வரும்.

கார் நிக்கற தரை மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாருங்க, அப்புறம் கிராஸ் பார் மேல வச்சுப் பாருங்க. ரெண்டு பின் சக்கரத்துலேர்ந்தும் பால் மாட்டற பிளேட்டோட நடுவுக்கு டேப் பிடிச்சு அளங்க. பழைய கார்ல பின்னாடி ஒரு தடவையாவது இடி வாங்கியிருக்கும், என் கார்ல இடது காலு 6 மிமீ உள்ள தள்ளி இருந்துச்சு, கிட் துளை ஒத்துப் போகல. அதுக்கு துளையை அரத்தால நீளமா ராவிடாதீங்க, நீளத் துளையில போல்ட் வழுக்கும். நடுவுல ஷிம் (மெல்லிசு தகட்டுத் துண்டு) வச்சு நேர் பண்ணுங்க.

எல்லாம் சரின்னு தெரிஞ்ச பிறகு கிராஸ் பார்லேர்ந்து முன் பக்கம் போற கைகளோட துளையை கிட் வழியாவே பன்ச் அடிச்சு குறி வைங்க. அப்புறம் கீழேர்ந்து தலையை நுழைச்சு, மேலேர்ந்தும் எட்டிப் பாத்து, அந்தக் குறிக்கு நேர் பின்னாடி பிரேக் பைப், வயர் கட்டு, பெட்ரோல் பைப் எதாவது இருக்கான்னு பாருங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை பாருங்க.

7. துளை, டியூப், பிளேட்

முதல்ல 3 மிமீ பைலட் துளை, அப்புறம் படிப்படியா பெருசாக்கணும். நேரா 10 மிமீ பிட் போட்டா மெல்லிசு தகட்டுல மூணு மூலையா துளை வரும், போல்ட் ஆடும். உள்ள விழற இரும்புத் தூளை காந்தத்தால எடுத்துடுங்க, ஒரு மழைக்காலம் போதும், தூள் கிடந்த இடமெல்லாம் காவிக் கலர்ல புள்ளி புள்ளியா ஆயிடும்.

சேஸிஸ் கால் உள்ள வெத்தா இருக்கற பெட்டி. ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் போல்ட் விட்டு முறுக்கினா பெட்டி சப்பையாகும், டார்க் ரெஞ்ச் க்ளிக்குன்னு சொல்லும், நீங்களும் சந்தோஷப்படுவீங்க, ஆனா அடுத்த வாரம் போல்ட் லூஸா இருக்கும். அதுக்குத்தான் உள்ள தடிமனான டியூப் வைக்கறது. பெட்டியோட அகலத்துக்கு சரியா வெட்டின டியூபை ஒரு பக்கம் பெரிய துளை போட்டு உள்ள நுழைச்சு, வெளி ஓரத்தைச் சுத்தி வெல்ட் பண்ணணும். வெல்டிங் வராதவங்க இதை மட்டும் ஒரு பட்டறையில குடுத்துப் பண்ணிக்கலாம். டேங்க் வெளிய இருக்கற நேரத்துலதான், சொல்லவே வேணாம்.

டிக்கி தரை ஒரு மில்லிமீட்டர் சுத்தித்தான் தடிமன். அது மேல வர்ற ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழ வாஷர் போதாது, 4 மிமீ தடிமன்ல உள்ளங்கை அகல பிளேட் வேணும். பிளேட்டோட மூலையை உருட்டி ராவிடுங்க, கூர் மூலை ஆட்டத்துல தரைத் தகட்டை அறுக்கும், விரிசல் எப்பவும் பிளேட் மூலையிலதான் ஆரம்பிக்கும்.

துளையோட ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர் அடிச்சு காய விடுங்க. பார் உக்கார்ற இடத்துல இருக்கற அண்டர்சீலை இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டி, மெல்லிசா ஒரு கோட் பெயிண்ட் மட்டும். தடிமனா பெயிண்டும் அண்டர்சீலும் நடுவுல இருந்தா நாள் போகப் போக நசுங்கும், அவ்வளவுக்கு போல்ட் தளரும்.

8. முறுக்கறது

எல்லா போல்ட்டும் துளையில போய், எல்லா நட்டும் விரலால ஏறின பிறகுதான் முதல் ஸ்பேனர். ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா கடைசி போல்ட் துளைக்கு நேரா வராது, அப்போ சுத்தியை எடுப்பீங்க. இடது வலதுன்னு மாத்தி மாத்தி, ரெண்டு மூணு சுத்தா இறுக்குங்க.

கிட்டோட காகிதம் இருந்தா அதுல இருக்கற எண்ணு. இல்லேன்னா உலர்ந்த 8.8 போல்ட்டுக்கு எம்10க்கு 48 நியூட்டன் மீட்டர், எம்12க்கு 80, எம்16க்கு 200 சுமாரா. போல்ட்டுல எண்ணெயோ காப்பர் கிரீஸோ தடவியிருந்தா இந்த எண்ணு அதிகம், வழுக்கறதால போல்ட் கூடுதலா இழுபடும். அந்த கிரீஸை மரையில தடவாம, முறுக்கி முடிச்சதும் வெளிய தடவிக்கோங்க.

பால் ரெண்டு எம்16 போல்ட்ல நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல 90 மிமீ. 200ங்கறது படுத்துக்கிட்டு கையால வர்ற முறுக்கு இல்ல, நீளமான ரெஞ்ச் வேணும், கார் ஸ்டாண்ட் மேல இருக்கறப்போ அவ்வளவு பலமா இழுத்தா கார் நகரும், அதனால இந்த ரெண்டை மட்டும் காரை இறக்கின பிறகு இறுக்குங்க. இறுக்கினதும் ஒவ்வொரு நட்டுக்கும் பெயிண்ட் பேனாவால ஒரு கோடு, நட்டுலேர்ந்து பிளேட்டுக்கு. அப்புறம் குனிஞ்சு ஒரு பார்வை பாத்தாலே தளர்ந்திருக்கா தெரியும்.

ட்ரெய்லர் கழண்டா பிடிச்சுக்கற சங்கிலிக்கு பாலோட கழுத்தை நம்பாம தனி வளையம் வைங்க. பாலே கழண்டு போச்சுன்னா கழுத்துல சுத்தின சங்கிலி எதைப் பிடிக்கும்?

9. வயரிங்

இங்கதான் நல்லா இரும்பு வேலை தெரிஞ்சவங்களும் கவுந்துடறாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு: காரோட வயர் கலரும் ட்ரெய்லர் கேபிளோட கலரும் ஒரே கலர், ஆனா வேற வேலை.

லூகாஸ் (காரோட மின்சார சாமான் செஞ்ச கம்பெனி) வயரிங்ல கருப்புன்னா எர்த், ட்ரெய்லர் கேபிள்ல கருப்பு இடது டெயில் லைட். லூகாஸ்ல சிவப்பு டெயில் லைட், ட்ரெய்லர்ல சிவப்பு பிரேக் லைட். லூகாஸ்ல வெள்ளை இக்னிஷன் ஆன் பண்ணதும் உயிர் வர்ற வயர், பெட்ரோல் பம்புக்குப் போறது அதுதான், அதுக்கு ஃப்யூஸும் கிடையாது. ட்ரெய்லர்ல வெள்ளைதான் எர்த். அதாவது வெள்ளையோட வெள்ளையை சேத்துட்டு சாவியைத் திருப்பினா ஃப்யூஸ் போகாது, வயர் கட்டே எரியும்.

சிவப்போட சிவப்பு, கருப்போட கருப்புன்னு பொருத்தம் பாத்து மாட்டின ஒருத்தரோட கார் பின்னாடி ராத்திரி ஓட்டிட்டுப் போயிருக்கேன். ட்ரெய்லரோட பிரேக் லைட் வழியெல்லாம் எரிஞ்சிட்டே இருந்துச்சு, இடது டெயில் லைட் செத்து கிடந்துச்சு, அவர் எப்போ பிரேக் போடறாருன்னு எனக்குத் தெரியவே இல்ல.

ட்ரெய்லர் கேபிள் சொருகற ஏழு பின் 12என் சாக்கெட்டுக்கு இதை எழுதி டிக்கி மூடில ஒட்டிக்கோங்க:

பின் 1, மஞ்சள்: இடது இண்டிகேட்டர். கார்ல பச்சையில சிவப்பு கோடு.
பின் 2, நீலம்: பின் ஃபாக் லைட். 1980 ஏப்ரல் 1க்கு முன்னாடி ரோட்டுக்கு வந்த காருக்கு ஃபாக் லைட் கட்டாயம் இல்ல, என் கார்ல காலியாவே விட்டிருக்கேன்.
பின் 3, வெள்ளை: எர்த். கார்ல கருப்பு.
பின் 4, பச்சை: வலது இண்டிகேட்டர். கார்ல பச்சையில வெள்ளை கோடு.
பின் 5, பிரவுன்: வலது டெயில் லைட். கார்ல சிவப்பு.
பின் 6, சிவப்பு: பிரேக் லைட். கார்ல பச்சையில ஊதா கோடு.
பின் 7, கருப்பு: இடது டெயில் லைட். கார்லயும் சிவப்பு, இடது விளக்குலேர்ந்து.

டெயில் லைட்டை அந்தந்தப் பக்கத்துலேர்ந்து தனித்தனியா எடுங்க. நாலு ஃப்யூஸ் வச்ச பின்னாடி வந்த கார்கள்ல ரெண்டு பக்கத்துக்கும் தனி ஃப்யூஸ், ஒண்ணு போனாலும் ட்ரெய்லர்ல ஒரு பக்கமாவது எரியும்.

வயரை வெட்டவே வேண்டியதில்ல. எம்ஜிபில விளக்குக்குப் போற ஒவ்வொரு வயரும் டிக்கிக்குள்ள புல்லட் கனெக்டர்ல (குண்டு மாதிரி முனையைச் சொருகற இணைப்பு) சேருது, ரெண்டு புல்லட் போற ரப்பர் குழாயை எடுத்துட்டு நாலு புல்லட் போற இரட்டைக் குழாயைப் போட்டா, புது வயருக்கு இடம் தானா கிடைச்சிடும். நாளைக்கு டோ பாரைக் கழட்டினா காரு பழையபடி. கத்தி மாதிரி கடிச்சுப் பிடிக்கற நீல கிளிப் வேண்டவே வேண்டாம், அம்பது வருஷ வயர்ல அது பாதி இழையை அறுத்துட்டு மீதில பச்சை பூக்க விடும். புல்லட்டை மாட்டறதுக்கு முன்னாடி சாண்ட் பேப்பரால தேய்ங்க, பாதி கார்ல விளக்கு மங்கலா எரியறதுக்கு அந்தப் பாசிதான் காரணம்.

எர்த்தை டோ பார் வழியாவே போயிடும்னு விடாதீங்க, பெயிண்ட் அடிச்ச இரும்புக்கு நடுவுல கரண்ட் ஒழுங்காப் போகாது. 2.5 சதுர மிமீ வயர் ஒண்ணு தனியா இழுத்து, டிக்கில சுரண்டின இடத்துல போல்ட் போடுங்க. எர்த் சரியில்லேன்னா எப்படித் தெரியும்னா, இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேந்து கண் சிமிட்டும்.

கேபிள் டிக்கி தரை வழியா வெளிய வர்ற இடத்துல ரப்பர் கிராமெட் கட்டாயம். எக்ஸாஸ்ட் இடது பக்கம்ங்கறதால கேபிளை வலது பக்கமா கொண்டு வாங்க.

10. ஃபிளாஷரும் பைபாஸ் ரிலேயும்

பழைய ஃபிளாஷர் யூனிட் உள்ள இருக்கற பட்டை சூடாகி வளைஞ்சுதான் சிமிட்டுது. ட்ரெய்லர் பல்பு ஒண்ணு கூடினா கரண்ட் கூடும், சீக்கிரம் சூடாகும், படபடன்னு அடிக்கும். நிமிஷத்துக்கு 60லேர்ந்து 120க்குள்ள இருக்கணும்ங்கறது சட்டம்.

இதுக்கு நல்ல வழி பைபாஸ் ரிலே. காரோட வயர் ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும் செய்யும், ட்ரெய்லர் விளக்குக்கு கரண்ட் பேட்டரிலேர்ந்து நேரா 15 ஆம்ப் ஃப்யூஸ் வழியா வரும். பிரேக், ரெண்டு இண்டிகேட்டர், டெயில் எல்லாம் ஒண்ணா எரிஞ்சா 9 ஆம்ப் கிட்ட வருது, அதை காரோட பழைய சுவிட்ச் மேல ஏத்தறது பாவம். ட்ரெய்லர் இண்டிகேட்டர் எரியுதுன்னு உள்ள தெரிய பஸ்ஸரோ சின்ன லைட்டோ சட்டப்படி இருக்கணும், பெரும்பாலான ரிலேல அதுக்கு ஒரு வயர் இருக்கும்.

பாசிட்டிவ் எர்த் கார் வச்சிருக்கறவங்க கவனிங்க: கடையில கிடைக்கற எலக்ட்ரானிக் பைபாஸ் ரிலே எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்கு. மாட்டின நொடியில போயிடும். சாதாரண காயில் ரிலே நாலு வாங்கித்தான் பண்ணணும். ட்ரெய்லர்லயும் எல்ஈடி விளக்கு வேண்டாம், பழைய பல்பு வைங்க, அதுக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ்னு கவலை இல்ல.

11. ட்ரெய்லர் மாட்டி முதல் ஓட்டம்

ஒரு ஆளை ட்ரெய்லர் பின்னாடி நிக்க வச்சு ஒவ்வொரு விளக்கா சொல்லச் சொல்லுங்க. தனித்தனியா பாத்தா போதாது, லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதிச்சு, இண்டிகேட்டரும் போட்டு ஒண்ணா பாருங்க, எர்த் கோளாறு அப்போதான் வெளிய வரும். ட்ரெய்லர்ல காரோட நம்பர் பிளேட், அதுக்கு விளக்கு.

நோஸ் வெயிட்டுக்கு (பால் மேல உக்கார்ற எடை) வீட்டுல எடை பாக்கற மெஷினை எடுத்துட்டு வாங்க. பாலைப் பிடிக்கற ட்ரெய்லரோட கப்ளிங் தலைக்கு அடியில, பால் உயரத்துக்கு வெட்டின மரக்கட்டையை நிறுத்தி மெஷின் மேல வைங்க. ட்ரெய்லர் எடையில 5லேர்ந்து 7 சதவீதம், நம்ம 250 கிலோவுக்கு 15 கிலோ சுமார். பால் மேல பாரமே இல்லாம பின்னாடி கனமா ஏத்தினா ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளியும், எம்ஜிபி மாதிரி லேசான காரை அதோட சேர்த்து ஆட்டிடும். கனமான சாமான் ஆக்சிலுக்கு மேல, இல்ல துளி முன்னாடி.

மாட்டினதும் 4ஆவது பகுதியில எழுதின உயரத்தை திரும்ப அளங்க. ரெண்டு இன்ச்சுக்கு மேல இறங்கினா சாமானைக் குறைங்க. காரை ட்ரெய்லரோட ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாத்து, கேபிள் இழுபடுதா, தரையில உரசுதான்னு பாத்துக்கோங்க.

வேகம் ஒத்தை ரோட்டுல 50 மைல், டூயல் கேரேஜ்வேலயும் மோட்டார்வேலயும் 60, மோட்டார்வேல மூணு லேன் இருந்தா வலது கடைசி லேனுக்குப் போகக் கூடாது. ஏத்தத்துல ஓவர்டிரைவை ஆஃப் பண்ணிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாத்துக்கிட்டே ஏறுங்க. முதல் தடவை பத்து மைல் போயிட்டு வந்து நிறுத்தி, பின் சக்கர ஹப்பைத் தொட்டுப் பாருங்க, டிரம் ஒண்ணு மட்டும் சூடா இருந்தா அந்தப் பக்கம் பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

12. அம்பது மைலுக்கு அப்புறம்

எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சு திரும்பப் பாருங்க. புது பெயிண்ட் நசுங்கியிருக்கும், ஒண்ணு ரெண்டு கால் சுத்து போகும், அது சாதாரணம். இரண்டாவது தடவையும் அதே போல்ட் சுத்தினா அங்க எதோ நசுங்கிட்டு இருக்கு, உள்ள டியூப் இல்லாத இடமான்னு கழட்டிப் பாருங்க. இதுக்கு அப்புறம்தான் வாக்ஸ் ஸ்ப்ரே அடிக்கணும், முதல்லயே அடிச்சிட்டா பெயிண்ட் பேனா கோடு மறைஞ்சு போயிடும்.

டிக்கில ஒரு 24 மிமீ ஸ்பேனர் போட்டு வைங்க, பால் போல்ட்டுக்கு அதுதான். பால் மேல பிளாஸ்டிக் மூடி போடுங்க, உள்ள லேசா கிரீஸ் இருந்தா உங்க பேண்ட் தப்பிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வெர்னியரால பாலை நாலு பக்கமும் அளங்க, எங்கயாவது 49 மிமீக்குக் கீழ வந்திருந்தா அது தேய்ஞ்சு போச்சு, புதுசு வாங்கி மாட்டிடுங்க.